சாமி மேடையில் உருகிய மெழுகுக்கட்டி

எங்கள் கோவில் ஆண்டு மலருக்கு, சாமி காப்பாற்றிய கதையை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டார். எழுதுகிறேன், ஆனால் நடந்தது நடந்தபடிதான் எழுதுவேன் என்றேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம், அதுதான் என் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான்காவது சுற்று மருந்து முடிந்து, அடுத்ததற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இந்த வாரம் கால் வீக்கம் குறைவு, மேசையில் உட்கார முடிகிறது. இந்தக் கதையில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. அதை எங்கள் தாமான் குடியிருப்பில் ஏற்கெனவே மூன்று விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நான்காவது விதம் என் கையாலேயே இருக்கட்டும்.

எனக்கு வயது அறுபத்தொன்று. பாடாங் செராயில் வீடு. இளவயதில் கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், மரம் வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுத்து வாங்கும் பால் ஸ்டோரில் இருந்தேன். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியதும் தொழிற்சாலையில் சுமை தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினேன். கனமான வேலைக்குப் பழகிய உடம்பு. ஆனால் போன வருடம், கோவிலில் மூன்று சுற்று சுற்ற முடியவில்லை. இரண்டாவது சுற்றில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி கமலா திரும்பிப் பார்த்தாள். "என்னாங்க, அங்கயே நிக்கிறீங்க?"

"சாமி கும்புடுறேன்."

"அந்தப் பக்கம் ஏது சாமி? அது சுவரு."

அன்று இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு கணுக்காலில் செருப்பு வார் பதிந்து, பள்ளம் மாறாமல் அப்படியே நின்றது. சிறுநீர் சவுக்காரத் தண்ணீர் போல நுரைத்தது. பேசும்போது நாக்கு வாய்க்குள் இடம் போதாமல் தடுமாறியது. கிளினிக்கில் கேஸ்டிரிக், வயிற்று வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு கிளினிக்கில் பிரஷர் என்றார்கள். படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்துகொள்ளும் நிலை வந்த பிறகுதான் சுங்கை பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே என்னைப் பார்த்தவர் டாக்டர் ஹஸ்லினா. சின்ன வயது, மெதுவாகப் பேசுபவர். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். எக்கோ என்னும் படத்தில் என் இதயத்தின் சுவர் தடித்துத் தெரிந்தது. ஆனால் மார்பில் ஒயர் ஒட்டி எடுக்கும் இ.சி.ஜி.யில் கோடுகள் சின்னச் சின்னதாக வந்தன.

"தடித்த இதயம் என்றால் கோடு பெரிதாக வர வேண்டும், அங்கிள். உங்களுக்குச் சிறியதாக வருகிறது. அப்படியானால் தடித்தது சதை இல்லை. வேறு ஏதோ உள்ளே போய் அடைந்திருக்கிறது."

அந்த வேறு ஏதோவுக்கு அமிலாய்டு என்று பெயர். நம் உடம்பில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றும் ஒரு விதமாக மடிந்தால்தான் ரத்தத்தில் கரைந்து ஓடும், அதன் வேலையைச் செய்யும். ஏதோ ஒன்று தப்பாக மடிந்துவிட்டால், அதே மாதிரி தப்பாக மடிந்த மற்றதோடு ஒட்டிக்கொண்டு, நார் நாராகத் திரண்டு, இதயத்திலும் சிறுநீரகத்திலும் போய்ப் படிந்துவிடும். படிந்த இடத்தைக் கெடுக்கும்.

டாக்டர் எனக்குப் புரியவில்லையோ என்று காகிதத்தில் படம் போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. பால் ஸ்டோரில் பத்து வருடம் நின்றவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? காலையில் தண்ணீர் மாதிரி ஓடும் பால், நேரம் தப்பினால் கோப்பையிலேயே கட்டிப்போகும். கட்டிப்போனது திரும்பப் பாலாகாது. அதை அவரிடம் சொன்னேன்.

"அதேதான் அங்கிள். இனி கட்டாமல் தடுக்கத்தான் மருந்து உண்டு. ஆனால் எந்தப் பால் கட்டுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்."

இந்த ஒரு கேள்விக்குத்தான் எங்கள் வீடு மூன்று மாதம் தூங்காமல் கிடந்தது.

இதயத்தில் இப்படிப் படிவது பெரும்பாலும் இரண்டு வகையாம். ஒன்று, எலும்பு மஜ்ஜையில் உள்ள சில செல்கள் கெட்டுப்போய், வேண்டாத புரதத்தை அளவில்லாமல் செய்வது. இது வேகமாக ஆளை முடித்துவிடும், ஆனால் மருந்து கொடுத்துப் போராடலாம். ஒருத்தரோடு நின்றுவிடும். மற்றொன்று கல்லீரல் செய்யும் புரதம். அது வயதாலும் கெடும், சில குடும்பங்களில் பிறவியிலேயே கெட்டு வரும். மெதுவாகத்தான் நகரும். ஆனால் குடும்ப வகை என்றால், பெற்ற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"உங்கள் அப்பா எப்படி இறந்தார், அங்கிள்?"

என் அப்பா தோட்டத்தில், ஐம்பது தாண்டி ஓரிரு வருடத்தில் போய்விட்டார். கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். அவ்வளவுதான் தெரியும். நான் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டே போனார். அவர் முகம் மாறியதைக் கமலாவும் பார்த்தாள்.

எங்களுக்கு ஒரே மகள், துர்கா. கோலாலம்பூரில் வேலை, கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். அப்போதுதான் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம். இந்த இரண்டாவது வகையைப் பற்றி அவளிடம் மூச்சுவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே கமலாவிடம் சத்தியம் வாங்கினேன்.

அதன் பிறகு சோதனைகள். என் ரத்தத்தில் ஒரு சொட்டை மெல்லிய கூழ்த் தகட்டின் ஓரத்தில் வைத்து மின்சாரம் விடுகிறார்கள். ரத்தத்தில் உள்ள புரதங்கள் அவற்றின் தன்மைக்கு ஏற்ப ஒன்று முன்னால், ஒன்று பின்னால் ஓடித் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நிற்கின்றன. எனக்கு இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மெல்லிய கோடு. அப்படியானால் முதல் வகைதானே என்று நான் சந்தோஷப்பட்டேன். டாக்டர் தலையை ஆட்டினார். வயதானவர்கள் சிலருக்கு அந்தக் கோடு சும்மாவே இருக்குமாம், ஒரு கெடுதலும் செய்யாதாம். கோட்டை நம்பி மருந்தைத் தொடங்கி, இதயத்தில் இருப்பது வேறு புரதமாக இருந்தால், விஷம் போன்ற மருந்தை வீணாகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். படிந்திருப்பதையே எடுத்துப் பார்க்க வேண்டும்.

வயிற்றுக் கொழுப்பை ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில், கழுத்து நரம்பு வழியாகக் கம்பி விட்டு, இதயத்திலிருந்து அரிசி நொய் அளவு நாலு துணுக்கு கிள்ளி எடுத்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. முருகா முருகா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். பக்கத்தில் நின்ற சீன நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன சொல்கிறேன் என்று தெரியாமலே அவரும் "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்பியை எடுத்த பிறகு கழுத்தில் ரத்தம் சீக்கிரம் நிற்கவில்லை. இன்னொரு தடவை இதைச் செய்வது ஆபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் துணுக்கைக் காங்கோ சிவப்பு என்னும் சாயத்தில் தோய்த்தார்கள். அமிலாய்டு இருந்தால் அந்தச் சாயத்தைக் குடித்துக்கொள்ளும். பிறகு ஒரு விசேஷ வெளிச்சத்தில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால், சிவந்திருந்தது பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னும். டாக்டர் ஹஸ்லினா எனக்குப் படத்தைக் காட்டினார். என் இதயத்துக்குள் அவ்வளவு அழகான பச்சை. ஆக, நோய் உறுதி. எந்த வகை என்று மட்டும் சாயத்துக்குத் தெரியாது. அதைச் சொல்லும் இயந்திரம் கோலாலம்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்தது.

மிச்சமிருந்த துணுக்கு மெழுகுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்தது. தீப்பெட்டியில் பாதி இருக்கும், பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவில் மிளகு அளவுகூட இல்லாத ஒரு பழுப்புப் புள்ளி. அதை நோயாளியே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை பினாங்கில் வாங்கினேன். கோலாலம்பூரில் கொடுக்க வேண்டியது திங்கட்கிழமை.

கவுண்டரில் இருந்தவர் கவருக்குள் போட்டுக் கொடுத்து, "சூடு படாமல் வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் சதை இல்லை" என்றார். சூடு என்றதும் எனக்கு வெயிலும், காடி என்று நாங்கள் சொல்லும் காருக்குள் அடிக்கும் வெக்கையும்தான் ஞாபகம் வந்தன. துவாலையில் சுற்றி மடியில் வைத்து, வழி முழுக்க வாடகைக் காடி ஓட்டியவரிடம் ஏர்கோனைக் கூட்டி வைக்கச் சொல்லி, குளிரில் நடுங்கிக்கொண்டே வீடு வந்தேன்.

எங்கள் வீட்டில் முக்கியமான எதுவும் முதலில் சாமி மேடைக்குப் போகாமல் வேறு இடத்துக்குப் போகாது. புதுக் காடிச் சாவி, துர்காவின் பரீட்சைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கே இருந்துவிட்டுத்தான் வெளியே போயிருக்கின்றன. இதைவிட முக்கியமானது என்ன இருக்கிறது? அன்று சாயந்திரம் குளித்துவிட்டு வந்தேன். கமலா முல்லைப் பூ வாங்கப் போயிருந்தாள். ஐந்து முக விளக்கை ஏற்றினேன். காகிதக் கவர் தீப்பிடித்துவிடுமே என்று பயந்து, கவனமாகக் கட்டியை வெளியே எடுத்து, திருநீறு இருந்த பித்தளைத் தாம்பாளத்தில் விளக்கடியில் வைத்தேன். பாருங்கள், நெருப்புக்குப் பயந்தவன் அதை நெருப்பின் பக்கத்தில் வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த பதிகம் எல்லாவற்றையும் பாடினேன். உயிரைக் கேட்கவில்லை. இது என்னோடு நிற்க வேண்டும், என் பிள்ளைக்குப் போகக் கூடாது என்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். அரை மணி நேரம் இருக்கும். கண்ணைத் திறந்தால், கட்டியின் ஒரு பக்கம் பளபளவென்று தண்ணீராக இருந்தது. தாம்பாளம் சுட்டது. மெழுகு வழிந்து திருநீற்றில் கலந்து, பழுப்புப் புள்ளி ஓரமாகச் சாய்ந்து பாதி வெளியே தெரிந்தது. நான் செய்த அடுத்த காரியம் இன்னும் மோசம். விரலால் அதை உள்ளே தள்ளினேன்.

கமலா பூவோடு உள்ளே வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"சாமிகிட்ட குடுத்தீங்க, சரி. விளக்குல வாட்டச் சொல்லி சாமியா கேட்டுச்சி?"

நான் விரலில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினேன்.

"இதுக்கு மேல சதை இல்லன்னு அந்த ஆளு சொன்னாருன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?" சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாம்பாளத்தோடு அப்படியே தூக்கிப் பிரிட்ஜில் வைத்து, "யாரும் தொடாதீங்க" என்றாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் சாமி மேடைப் பக்கம் போகவில்லை. கோபம் இல்லை. வெட்கம். கேட்டதற்கு விடையை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். துர்காவுக்கும் குழந்தைக்கும் இருக்கிறதா இல்லையா என்று இனி தெரியாமலே நான் செத்துப்போவேன்.

திங்கட்கிழமை சுங்கை பட்டாணியிலிருந்து ரயில். கட்டியை ஐஸ் பொட்டலத்தோடு சோற்று டப்பாவில் வைத்துக் கமலா மடியில் வைத்திருந்தாள். துர்கா ஸ்டேஷனுக்கு வந்தாள், குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு. ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குப் பதில் சொன்னவர் ரேவதி என்ற நம் தமிழ்ப் பெண். டப்பாவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"என்னா அங்கிள், திருநீறு வாசம் அடிக்குது?"

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"மெழுகு உருகுனா உலகம் முடிஞ்சிறாது லா, அங்கிள். நாங்களே மெழுக உருக்கித்தான் இதுக்குள்ள ஊத்துறோம். சதை தீஞ்சி போச்சான்னுதான் பாக்கணும். கருகுன மாதிரி தெரியல. சுத்தம் பண்ணி மறுபடி மெழுகுல வைக்கிறேன்."

"திருநீறு ஒட்டியிருக்கேம்மா?"

"மேல ஒட்டுனத எடுத்துறலாம்." பிறகு அவர் என்ன செய்வார்கள் என்று சொன்னார். கட்டியைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். மறுபடி சாயம். சாயம் பிடித்த இடத்தை மட்டும் லேசர் ஒளியால் வெட்டி, ஒரு சின்னக் குப்பியில் விழவைப்பார்கள். நல்ல சதை வேறு, நஞ்சுப் படிவு வேறு என்று பிரிப்பது இங்கேதான். அந்தப் படிவை ஒரு திரவத்தில் போட்டுத் துண்டு துண்டாக உடைத்து, இயந்திரத்தில் விட்டால், ஒவ்வொரு துண்டின் எடையையும் அது நிறுக்கும். எடையை வைத்து எந்தப் புரதத்தின் துண்டு என்று கண்டுபிடித்துவிடலாம்.

"நீங்க வெரலால தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"அப்ப ஒங்க தோலு புரதமும் மெஷின்ல வந்து நிக்கும். அது பரவால்ல, அவன் அடிக்கடி வர்ற ஆளு, பாத்ததும் ஒதுக்கிருவோம்." சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்தினார். "ஆனா சதை ரொம்பக் கம்மி அங்கிள். ரெண்டு, மூணு சீவல்தான் தேறும். ஒரு தடவதான் பாக்க முடியும். வராட்டி வராததுதான்."

நான் தலையாட்டிக்கொண்டிருந்தபோது துர்கா விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆங்கிலம் வராது என்று அவளிடம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. அவள் பேனா நின்றது.

"அப்பா, இதுல குடும்ப நோயா இருக்கலாம்னு டாக்டர் எழுதியிருக்காங்க. தாத்தா பேரு எல்லாம் இருக்கு."

கமலா ஜன்னலைப் பார்த்தாள்.

"அம்மா, ஒனக்குத் தெரியுமா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாப்பாவுக்கு மூணு மாசம்ப்பா. என்கிட்ட சொல்லாம, மெழுகச் சாமிகிட்ட வச்சீங்களா?"

அந்த வார்த்தை நெஞ்சில் கம்பி விட்டதைவிட ஆழமாகப் போனது. பாரத்தை ஒழுங்காக முடித்து, கையெழுத்துக்கு என் பக்கம் நகர்த்தினாள். எங்களைச் சாப்பிட வைத்து ரயிலேற்றினாள். பிறகு வந்த நாட்களில் கமலாவுக்குத்தான் போன் செய்வாள். நான் எடுத்தால், "அம்மாகிட்ட குடுங்க" என்பாள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் மெழுகுக்கட்டி கொடுத்தால் அலமாரியில் வையுங்கள். சாமிக்கு அலமாரி வரைக்கும் பார்வை எட்டும். அடுத்தது, பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய செய்தியை நீங்களே சொல்லிவிடுங்கள்.

அதற்கு அடுத்த மூன்று வாரம் நான் வார்டில் கிடந்தேன். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்து, முதுகில் ஊசி போட்டு எடுத்தார்கள். அடுத்த கட்டிலில் இருந்தவர் சிடாம் கிரியிலிருந்து வந்த ஒரு மலாய்க்காரர். அவர் தொழுகைப் பாயை விரிக்கும்போது, "உனக்கும் சேர்த்துக் கேட்கிறேன்" என்பார். கமலா உப்பில்லாத ரசம் கொண்டுவந்து, அது ருசியாக இருக்கிறதா என்று தினமும் கேட்பாள். நான் ருசி என்பேன். டாக்டர் ஹஸ்லினா காலையில் வந்து இதயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னும் வரவில்லை, அங்கிள்" என்பார். ஒவ்வொரு நாள் தாமதமும் இதயத்துக்குக் கெடுதல் என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. தெரியாமல் மருந்தைத் தொடங்கவும் முடியவில்லை. சில நாள் நான் கண்ணாடிச் சீவலில் ஒன்றுமே தேறாமல் போனதாக நினைத்துப் பயந்து வியர்ப்பேன்.

ஒரு வியாழக்கிழமை, அவர் வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே வந்தார். கையில் தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் கெட்ட செய்தி என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். கமலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விடை வந்துவிட்டது, அங்கிள். மூன்றில் ஒரு சீவல் போதுமானதாக இருந்தது. சந்தேகமே இல்லை. எலும்பு மஜ்ஜை வகை." சற்று நிறுத்தினார். "இது கடுமையானது. இதயம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமையே மருந்தைத் தொடங்க வேண்டும். எல்லாருக்கும் கேட்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

"அப்படியானால் பரம்பரை இல்லை?"

"இல்லை. அப்பா இறந்ததற்குக் காரணம் வேறு ஏதாவது இருக்கலாம்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டர் குழம்பிப்போய், நான் சொன்னது புரிந்ததா என்று கமலாவைக் கேட்டார். கமலா அழுதுகொண்டே தலையாட்டினாள். அவள் எதற்கு அழுதாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

போனை எடுத்து நானே துர்காவை அழைத்தேன்.

"அம்மாகிட்ட..." என்று தொடங்கினாள்.

"நாந்தான் பேசணும்மா. ரிசல்ட் வந்துருச்சி. எனக்கு மட்டும்தான். ஒனக்கு இல்ல, பாப்பாவுக்கும் இல்ல. எனக்கு மட்டும்தான்மா."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ சத்தம் போட்டது. "அப்ப அது எலும்பு மஜ்ஜை வகையாப்பா, வேகமா போறது?" என்றாள் துர்கா. இரண்டு வகையைப் பற்றியும் அவள் தேடிப் படித்திருந்தாள் என்பது அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவள் குரல் உடைந்து வந்தது.

"அப்பா, அதத் தயவுசெஞ்சி இவ்ளோ சந்தோசமா சொல்லாதீங்கப்பா."